அலமாரியில் இருக்கும் என்ஜின் ஆயில் கெட்டுப்போகுமா?

காருக்கு ஆயிலை வீட்டிலேயே மாற்றிக்கொள்பவர்கள், தள்ளுபடி வரும்போது நாலைந்து கேன்களை மொத்தமாக வாங்கிப் போடுவதுண்டு. பிறகு ஒருநாள் அலமாரியின் மூலையிலிருந்து தூசி படிந்த கேன் ஒன்று கைக்கு வரும். எப்போது வாங்கியது என்று நினைவிருக்காது. ஊற்றலாமா, வேண்டாமா? வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சீல் உடைந்திருக்கிறதா, கேன் எங்கே இருந்தது, லேபிளில் என்ன தரம் போட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கேனுக்குள் இருப்பதில் 70 முதல் 90 சதவீதம் வரை அடிப்படை எண்ணெய். அது தானாகக் கெடுவது அரிது. கவனிக்க வேண்டியது மீதிப் பங்கைத்தான். கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கவிடும் பொருள், அமிலத்தை முறிக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள், உலோகத்தின் மேல் காப்புப் படலம் போடும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், சூட்டில் ஆயில் ஒரேயடியாக இளகிவிடாமல் பிடித்துக்கொள்ளும் பாலிமர், ஆக்சிஜனேற்றத் தடுப்பான், நுரையை அடக்கும் சிலிக்கோன் எல்லாம் அதில் அடக்கம். ஆயில் கெட்டது என்றால், பெரும்பாலும் இவற்றில் ஒன்று தீர்ந்துவிட்டது, சிதைந்துவிட்டது, அல்லது அடியில் தங்கிவிட்டது என்று பொருள்.

சீல் உடையாத கேனில் இது மிக மெதுவாக நடக்கிறது. ஆயில் ஆக்சிஜனேற்றமடையும் வேகம், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். என்ஜினில் 100 டிகிரி, அலமாரியில் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 70 டிகிரி. ஏழு முறை இரட்டித்தால் 128 மடங்கு. என்ஜினுக்குள் ஒரு மணி நேரத்தில் நடப்பது அலமாரியில் நடக்க 5 நாளுக்கு மேல் ஆகும். அதிலும் இது சூட்டின் கணக்கு மட்டும்தான். ஓடும் என்ஜினில் காற்று ஓயாமல் ஆயிலோடு கலக்கப்படுகிறது. தேய்ந்து வரும் இரும்பும் செம்பும் வினையை முடுக்கிவிடுகின்றன. பிஸ்டன் வளையங்களைச் சுற்றி வெப்பம் 200 டிகிரியையும் தாண்டும். மூடிய கேனில் இவை எதுவும் இல்லை. 4 லிட்டர் கேனின் கழுத்தில் 200 மில்லிலிட்டர் காற்று இருக்கிறது என்றால், அதில் உள்ள ஆக்சிஜன் 42 மில்லிலிட்டர். எடையில் 0.06 கிராம் கூட வராது. எதிரே இருப்பதோ சுமார் 3.4 கிலோ ஆயில். பிளாஸ்டிக் சுவர் வழியாகச் சிறிது ஆக்சிஜன் ஊடுருவும் என்றாலும் அது சொற்பமே. அதனால்தான் தயாரிப்பாளர்கள் சீல் உடையாத கேனுக்குப் பொதுவாக 3 முதல் 5 ஆண்டு ஆயுள் சொல்கிறார்கள்.

திறந்த கேனின் கதை வேறு. அங்கே எதிரி நீர்.

கேன் மூச்சுவிடுகிறது என்பதைக் கவனித்தால் இது புரியும். 4 லிட்டர் கேனில் 3 லிட்டரை ஊற்றிவிட்டீர்கள். மூடியை ஏனோதானோவென்று திருகி வைத்தீர்கள். இப்போது உள்ளே 3 லிட்டர் காற்று. பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் அந்தக் காற்றின் பருமன் சுமார் 3.3 சதவீதம் கூடிக் குறையும். அதாவது பகலில் 100 மில்லிலிட்டர் வெளியே போகிறது, இரவில் அதே அளவு வெளிக்காற்று உள்ளே வருகிறது. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றாக இருந்தால் அந்த 100 மில்லிலிட்டரில் சுமார் 3 மில்லிகிராம் நீராவி. ஒரு நாள் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 365 நாளுக்கு 1 கிராமைத் தாண்டுகிறது. அதில் ஒரு பகுதி ஆயிலிலேயே தங்கினாலும் போதும், மீதமிருக்கும் 1 லிட்டருக்கு அது கெடுதல்தான். நீர் சேர்ந்தால் அமிலத்தை முறிக்கும் உப்புகள் கரைசலிலிருந்து பிரிந்து வீழ்படிவாகின்றன. துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மமும் சிதையத் தொடங்குகிறது. ஆயில் பார்வைக்கு நன்றாகவே தோன்றலாம். உள்ளே பாதுகாப்பு குறைந்திருக்கும். திறந்த கேனை 6 மாதம், மிஞ்சினால் ஓர் ஆண்டுக்குள் தீர்த்துவிடச் சொல்வது இதனால்தான்.

பெரிய டிரம்மில் இதே கோளாறு இன்னும் மோசமாக வரும். மழையில் நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல் தட்டில் தண்ணீர் தேங்கும். சூடான டிரம் மழையில் சட்டெனக் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, இறுக்கமான மூடி வழியாகக்கூட அந்தத் தண்ணீர் உறிஞ்சப்படும். வெளியே வைத்தே ஆக வேண்டுமென்றால் டிரம்மைப் படுக்கவைத்து, அதன் இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி நிலையில் வரும்படி உருட்டி நிறுத்துவார்கள். அப்போது மூடிகள் உள்பக்கம் ஆயிலில் மூழ்கியிருக்கும். காற்றோ நீரோ உள்ளே போக வழியில்லை.

பழைய கேனைச் சோதிப்பது எப்படி

ஒரு சுத்தமான கண்ணாடி டம்ளரில் கால் பங்கு ஆயிலை ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நல்ல ஆயில் தேன் நிறத்தில் ஊடுதெளிவாக இருக்கும். பின்னால் பிடித்த எழுத்தைப் படிக்க முடியும். பனிமூட்டம் போல மங்கலாகவோ பால் கலந்தது போலவோ இருந்தால் நீர் சேர்ந்திருக்கிறது. ஊற்றிய பிறகு கேனின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கவிழ்த்துக் குலுக்கியும் கரையாத வண்டலோ ஜெல்லியோ ஒட்டியிருந்தால் அந்தக் கேனை என்ஜினுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் வெடிப்புச் சோதனை செய்யலாம். ஓர் இரும்புத் தட்டை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, திறந்த தீயை விலக்கிவிட்டு, ஒரே ஒரு சொட்டு ஆயிலை அதன் மேல் விடுங்கள். நீர் இல்லாத ஆயில் சத்தமில்லாமல் பரவும். நீர் இருந்தால் குமிழ் கிளம்பும். கூடுதலாக இருந்தால் படபடவென்று வெடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக்கூடாது. சொட்டு தெறித்தால் கண்ணுக்குத்தான் போகும்.

நல்ல ஆயிலாகவே இருந்தாலும் ஊற்றுமுன் ஒரு வேலை இருக்கிறது. நுரை அடக்கும் சிலிக்கோன் ஆயிலில் கரைவதில்லை. மிகமிக நுண்ணிய துளிகளாகப் பரவி நிற்கிறது. அதன் அளவே பத்து லட்சத்தில் சில பங்குதான். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் கேனில் அது இடம் மாறித் தங்கிவிடலாம். அது கலக்காத ஆயிலை ஊற்றினால் என்ஜினில் நுரை அடங்காது. நுரைத்த ஆயிலை பம்ப் சரியாகத் தள்ளாது; ஆயில் அழுத்தத்தை நம்பி வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் டேப்பெட்டுகள் தட்டத் தொடங்கும். எனவே மூடியை இறுக்கிக்கொண்டு, கேனை நிதானமாகப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு பத்து நிமிடம் விட்டு ஊற்றுங்கள்.

லேபிள் காலாவதியாவது

சீல் உடையாத ஆயில் ரசாயன ரீதியாகக் கெடுவதற்கு முன்பே தரத்தில் பின்தங்கிவிடுவது அதிகம் நடக்கிறது. மொத்தமாக வாங்குகிறவர்கள் யோசிக்க மறப்பது இதைத்தான்.

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐயின் பெட்ரோல் என்ஜின் தரங்களைப் பாருங்கள். எஸ்என் 2010இல் வந்தது, எஸ்என் பிளஸ் 2018இல், எஸ்பி 2020இல். இவை வெறும் பெயர் மாற்றம் இல்லை. எரிபொருளைச் சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிக இழுவை கொடுக்கும்போது, தீப்பொறி வருமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறு தெரியவந்தது. ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது அது. ஆயிலில் உள்ள கால்சியம் உப்பு இதைத் தூண்டுகிறது என்று கண்டறிந்து, அதில் ஒரு பகுதியை நீக்கி மெக்னீசியம் உப்பைச் சேர்த்தார்கள். ஆகவே அலமாரியில் இருக்கும் எஸ்என் ஆயில் புத்தம் புதிதாகவே இருந்தாலும், எஸ்பி கேட்கும் டர்போ என்ஜினுக்கு அது உதவாது. மறுபக்கம் பயமில்லை: எஸ்என் கேட்கும் பழைய காரில் எஸ்பி ஊற்றலாம்.

டீசலில் இந்தப் பின்னோக்கிய பொருத்தத்தை அப்படியே நம்ப வேண்டாம். 2016 இறுதியில் சிகே-4, எஃப்ஏ-4 என்று இரண்டு தரங்கள் ஒன்றாக வந்தன. சிகே-4 பழைய என்ஜின்களுக்கும் பொருந்தும். மெல்லிய ஆயிலான எஃப்ஏ-4 அப்படியில்லை. புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய டீசல் கார் என்றால் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். எரிந்த ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்துவிடும். கரியைப் போல அதை எரித்துத் தீர்க்க முடியாது.

அப்படியானால் எவ்வளவு வாங்கலாம்? ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் கார், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றம், ஒரு தடவைக்கு 4.2 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6.3 லிட்டர். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்குப் பெரும்பாலான கார்களில் சுமார் 1 லிட்டர். இடையில் டாப்-அப் செய்ய அதையும் சேர்த்தால் ஏழரை லிட்டருக்குள் அடங்கும். 20 லிட்டர் வாளி மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக வரும், ஆனால் அத்தனை காலமும் அது திறந்த வாளி. 208 லிட்டர் டிரம் 28 ஆண்டுக்கு வரும். அதில் அர்த்தமே இல்லை. இரண்டு ஆயில் மாற்றத்துக்கு வேண்டியதை 4 லிட்டர், 1 லிட்டர் கேன்களாக, சீலோடு வைத்திருப்பதுதான் ஒரு காருக்குப் பொருத்தமான இருப்பு. காரை மாற்றும் எண்ணம் இருந்தால் அதுவும் வேண்டாம். 5டபிள்யூ-30 கிரேடு (ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கும் எண்) குடித்த காரின் இடத்துக்கு 0டபிள்யூ-20 கேட்கும் கார் வந்தால் மொத்த இருப்பும் வீண்.

கேனின் அடியிலோ கழுத்திலோ அச்சிட்ட எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பல தயாரிப்பாளர்கள் ஆண்டின் இரண்டு இலக்கத்தையும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்துப் போடுகிறார்கள். அந்த முறையில் 24137 என்றால் 2024ஆம் ஆண்டின் 137ஆம் நாள், அதாவது மே 16. முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், வாங்கிய தேதியையும் திறந்த தேதியையும் மார்க்கரால் கேன் மேலேயே எழுதிவிடுவது நல்லது. பழையதை முன்வரிசையில் வையுங்கள்.

வைக்கும் இடம் வெயில் படாததாக, சூடு ஏறி இறங்காததாக இருக்க வேண்டும். தகரக் கொட்டகை வேண்டாம். அலமாரியின் கீழ்த்தட்டில், ஒழுகினால் முழுக் கேனும் கொள்ளும் அளவுக்கு ஒரு தட்டின் மேல் வையுங்கள். புதிய ஆயில் 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலைப் போன்ற அபாயம் இல்லை. ஆனால் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர் பொடி அணைப்பான் வேண்டும். மீதியைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது விபத்தை அழைப்பது. புனலையும் பைக்குள் போட்டு வையுங்கள். பேரிங்கில் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான்; புனலில் படிந்த தூசி அதைவிடப் பெரியது.

ஆயிலோடு ஃபில்டரையும் வாங்கி வைப்பவர்கள் ரப்பரை நினைவில் கொள்ள வேண்டும். என்ஜின் நின்றதும் ஃபில்டரிலிருந்து ஆயில் வடிந்து போகாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. அது சூட்டிலும் காற்றிலும் இறுகிவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் என்ஜின் ஆயிலின்றிக் கடகடக்கும். ஃபில்டரை அதன் பெட்டியோடு, மோட்டார்கள், வெல்டிங் மெஷின் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். அவை உண்டாக்கும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள் கெடுவதே இல்லை. பத்து வாங்கினாலும் தப்பில்லை.

பல கேன்களின் அடியில் மிஞ்சியதை ஒன்றாகச் சேர்க்கலாமா? ஏபிஐ உரிமம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்; தயிர் போலத் திரியாது. ஆனால் கலவை எந்தத் தரத்துக்கும் உத்தரவாதமில்லை. ஒரே தரம், ஒரே கிரேடு மிச்சங்களை டாப்-அப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழு மாற்றத்துக்கு வேண்டாம்.

வடித்த ஆயிலுக்கு இன்னொரு கேன் தயாராக இருக்க வேண்டும். 4.2 லிட்டர் வடிந்தால் 4 லிட்டர் கேன் போதாது. 5 லிட்டர் கேனை எடுத்து வையுங்கள். அதில் கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மறுசுழற்சி செய்பவர்கள் வாங்க மாட்டார்கள். பெட்ரோல் கலந்தால் சுலபமாகத் தீப்பிடிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஆயில் தோலுக்குத் தீங்கானது. கேனில் ‘பழையது’ என்று பெரிதாக எழுதி, புதிய கேன்கள் இருக்கும் தட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.