எங்கேஜ்மென்ட்: ஈர்ப்பா, ஈடுபாடா?

கல்வி விளையாட்டு வடிவமைப்பைப் பற்றிப் வடசென்னையின் பெரம்பூர், வியாசர்பாடி வட்டாரத்தில் ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில், ஒருவர் ஒன்றில் மனம் ஊன்றிச் செயல்படுவதைக் குறிக்கும் 'எங்கேஜ்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை 'ஈர்ப்பு' என்றே எழுதிக்கொடுக்கிறார்கள். அண்மையில் கைக்கு வந்த கையேடு ஒன்றிலும் 'மாணவர் ஈர்ப்பை நீட்டிக்கும் வழிகள்' என்றுதான் தலைப்பு இருந்தது. இது பொருளைத் தலைகீழாக்கும் பெயர்ப்பு.

ஆங்கிலச் சொல்லின் வேர், அடமானப் பொருளைக் குறிக்கும் 'காஜ்' என்னும் பிரெஞ்சுச் சொல். தன்னையே பிணையாக வைத்து ஒன்றில் இறங்குவது அதன் அடிப்பொருள். திருமண உறுதிக்கும் அச்சொல் வழங்குவது இதனால்தான்.

'ஈர்' என்றால் இழு. காந்தம் இரும்பை ஈர்க்கும்போது இரும்பு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. 'விளையாட்டு மாணவனை ஈர்க்கிறது' என்ற தொடரில் விளையாட்டே எழுவாய், மாணவன் வெறும் செயப்படுபொருள். இப்படி எழுதிப் பழகியவர்கள் வடிவமைப்பையும் இப்படியே நினைக்கத் தொடங்கி, நிறத்தையும் ஓசையையும் பாயின்டையும் பேட்ஜையும் மேன்மேலும் சேர்க்கிறார்கள். அவை முதல் நாள் குழந்தையை அழைத்து வருமேயன்றி, மூன்றாம் மாதம் அமர வைக்க மாட்டா. கல்வி விளையாட்டுகளை ஆராய்ந்த தாமஸ் மலோன் 1981-இலேயே சவால், கற்பனை, அறியும் ஆவல் ஆகிய மூன்றையே உள்ளார்ந்த ஊக்கத்தின் கூறுகளாகச் சொன்னார்.

புதுவண்ணாரப்பேட்டைக் கேரம் பலகைகளில் ஒளியும் இல்லை, ஓசையும் இல்லை. காய் விழவே தடுமாறும் சிறுவன், சில மாதங்களில் 'ரெட்' என்னும் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய 'ஃபாலோ'வுக்கு எந்தக் காய் வாகாக நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுகிறான். திறன் வளர வளர ஆட்டமும் கடினமாவதால் மறுநாளும் வருகிறான். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா இந்தப் பகுதிப் பெண்தான். அவருடைய பயிற்சியை 'ஈர்ப்பு' என்று யாரேனும் சொல்வார்களா?

ஈடுபாடு என்பதே சரியான சொல். இடு என்பது நீண்டு ஈடு ஆயிற்று. நகையை ஈடு வைக்கிறோம் என்னும்போது அதற்கு அடமானம் என்ற பொருளும் உண்டு, ஆகவே இரு மொழிச் சொற்களும் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபடுகின்றன. 'மாணவன் விளையாட்டில் ஈடுபடுகிறான்' என்னும்போது மாணவன் எழுவாயாகிவிடுகிறான். பக்தி மணம் வீசும் சொல் என்று சிலர் தயங்குகிறார்கள். அரசியல் ஈடுபாடு, பணியில் ஈடுபாடு என்று நாள்தோறும் எழுதும் மொழியில் அத்தயக்கத்துக்கு இடமில்லை. அளவீட்டுக்கு உதவாது என்பதும் பொருந்தாது. ஈடுபாட்டு நேரம், ஈடுபாட்டு அளவு என்பவை இயல்பாகவே அமைகின்றன.

'எங்கேஜ்மென்ட் ரேட்' என்பதற்குக் கணினி தந்த 'நிச்சயதார்த்த விகிதம்' என்பதைப் படித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பும் மொழிபெயர்ப்பாளர்கள், இச்சொல் வரும் தொடரில் வினை செய்பவர் யார் என்றேனும் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர் மீண்டும் வருவதை மட்டும் எண்ணும் 'ரிடென்ஷன்' வேறு. அதற்குத் தக்கவைப்பு என்ற சொல் இருக்கிறது. கையேட்டின் தலைப்பு 'மாணவரின் நீடித்த ஈடுபாட்டுக்கான வழிகள்' என்று இருந்திருக்க வேண்டும்.