பரு போக மாத்திரையா? அட்டையின் பின்பக்கம் பாருங்கள்

"கருத்தடை மாத்திரை போட்டா பரு போயிருமாங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். "மாத்திரை போட்டதுல இருந்துதானுங்க பருவே" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். எல்லாக் கருத்தடை மாத்திரையும் ஒன்றல்ல.

பெண் உடலிலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் உண்டு. முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவது அதுதான். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த கூட்டு மாத்திரை, சினைப்பையில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் குறைக்கிறது. கூடவே கல்லீரலில் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் கூடி, ரத்தத்தில் இருப்பதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணெய் வழிவது குறைகிறது.

அட்டையைத் திருப்பி, புரோஜெஸ்டின் எது என்று பாருங்கள். டிராஸ்பைரனோன் 3 மி.கி., சைப்ரோடெரோன் 2 மி.கி. என்றிருந்தால் பருவுக்கு உதவும். இந்த இரண்டிலும் ரத்தம் உறையும் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால் தானாக வாங்கக் கூடாது. அரசு தரும் மாலா-என் மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல். அதற்கு ஆண் ஹார்மோன் குணம் லேசாக உண்டு, ஆனால் உடனிருக்கும் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும். ஈஸ்ட்ரோஜனே இல்லாத மினி மாத்திரையிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியிலும் சிலருக்குப் பரு கூடுகிறது. அரசு தரும் இன்னொரு கருத்தடை மாத்திரையான சாயாவில் ஹார்மோனே இல்லை. பருவுக்கு அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

நம் பக்கத்தில் இன்னொன்று நடக்கிறது. மாரியம்மன் நோம்பிக்கு, பண்ணாரி குண்டத்துக்கு என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, பெரும்பாலும் நாரெதிஸ்டிரோன் 5 மி.கி. தினம் மூன்று வேளை போடுவது. அது கருத்தடை மாத்திரை அல்ல. அதை நம்பி இருக்கவும் கூடாது. பரு வரும் முகமென்றால் அந்த நாட்களில் கூடலாம். ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

கூட்டு மாத்திரை தொடங்கிய முதல் மாதம் பரு கூடுவதும் உண்டு. பலர் இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பெரிய தவறு. பலன் தெரிய மூன்று மாதம், முழுதாகத் தெரிய ஆறு மாதம் வேண்டும். இரவில் பட்டாணி அளவு பருவுக்கான அடாபலீன் 0.1% ஜெல்லை முகம் முழுக்கத் தடவி வந்தால் சீக்கிரம் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வெள்ளையாக்கும் க்ரீமில் ஸ்டீராய்டு இருந்தால், அந்த க்ரீமே பரு வரவழைக்கும்.

பனியன் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்கள், மாத்திரை போட ஷிப்டோடு மாறாத ஒரு வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனால், அடுத்த ஏழு நாள் ஆணுறை அவசியம். வெயிலில் வண்டி ஓட்டினால் சன்ஸ்க்ரீன் போடுங்கள். ஈஸ்ட்ரோஜனால் மங்கு படியலாம்.

கூட்டு மாத்திரை தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்தே ஆக வேண்டும். கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தக் கட்டி, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் இருந்தாலும், பிரசவமாகி ஆறு மாதம் ஆகாமல் பால் கொடுத்தாலும் இது கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் இந்த மாத்திரையின் கருத்தடையை நம்ப முடியாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.