வாயுவின் அடர்த்தியும் அது விரவும் வேகமும்

நீலகிரியில் தைலம் காய்ச்சும் கொட்டகைகளில், இலை அடைத்த கலத்திலிருந்து கிளம்பும் ஆவி குளிர்நீர்த் தொட்டிக்குள் கிடக்கும் குழாய் வழியே இறங்கிச் சொட்டுகிறது. சொட்டியதில் எண்ணெய் மேலும் நீர் அடியிலுமாகப் பிரிந்து நிற்கின்றன. அந்த எண்ணெயின் நெடிக்கு முதன்மைக் காரணமான சினியோலின் மூலக்கூறு எடை 154, ஆக்சிஜனுக்கோ 32. வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸாக இருக்கையில் ஆக்சிஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 470 மீட்டர் வேகத்திலும், சினியோல் மூலக்கூறு சுமார் 215 மீட்டர் வேகத்திலும் பறக்கின்றன. எடை ஏறத்தாழ ஐந்து மடங்காகியும், வேகம் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இறங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கை முதலில் பிடித்தவர் ஸ்காட்லாந்து வேதியியலர் தாமஸ் கிரஹாம். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைப் பாரிஸ் சாந்துக் கட்டியால் அடைத்து, உள்ளே ஹைட்ரஜனை நிரப்பி, மறுமுனையை நீரில் நிறுத்தினார். சாந்தின் நுண்துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே வருவதைவிட ஹைட்ரஜன் விரைந்து வெளியேறியதால், குழாய்க்குள் நீர் ஏறியது. ஒரு பங்கு காற்று நுழைவதற்குள் சுமார் 3.8 பங்கு ஹைட்ரஜன் வெளியேறியது. காற்று ஹைட்ரஜனைப் போல் ஏறத்தாழ 14.4 மடங்கு அடர்த்தியானது, அதன் வர்க்கமூலமும் 3.8 தான். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் வாயு விரவும் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை அவர் 1833-இல் வெளியிட்டார்.

வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது? வெப்பநிலை ஒன்றாக இருந்தால், எந்த வாயுவின் மூலக்கூறுக்கும் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றே. அந்த ஆற்றல் நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி என்பதால், ஹைட்ரஜனைவிட 16 மடங்கு கனமான ஆக்சிஜனின் வேகம் நான்கில் ஒரு பங்காகிறது. சம அழுத்தத்தில் சம பருமனுக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமாதலால், அடர்த்தியை ஒப்பிடுவது மூலக்கூறின் எடையை ஒப்பிடுவதேயாகும்.

நுண்துளை வழிக் கசிவுக்கு இவ்விதி மிக நன்றாகப் பொருந்துகிறது; திறந்த காற்றில் தோராயமாகவே பொருந்துகிறது. அங்கே மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதித் திசைமாறுகிறது. சற்றும் அசையாத காற்றில், மூன்று மீட்டர் தொலைவைக் கடக்கத் தைலத்தின் நெடிக்குப் பல நாட்கள் பிடிக்கும். பாட்டிலைத் திறந்ததும் நெடி அறை முழுவதும் எட்டுவது காற்றோட்டத்தின் வேலை.

மோதல் என்று வந்துவிட்டால் இன்னோர் அடர்த்தியையும் எண்ண வேண்டும். அது விரவும் வாயுவின் அடர்த்தியன்று, சூழ்ந்திருக்கும் காற்றின் அடர்த்தி. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. மோதல்கள் குறைவதால், வெப்பநிலை மாறாதிருந்தால் விரவல் மூன்றில் ஒரு பங்கு விரைவுபடும். இங்கே வர்க்கமூலம் இல்லை, நேரடியான எதிர்விகிதம். மலைக்குளிர் இதில் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்கிறது: சென்னையின் 30 டிகிரியோடு உதகையின் 15 டிகிரியை ஒப்பிட்டால் மிஞ்சும் ஆதாயம் ஐந்தில் ஒரு பங்கு அளவே.

தேயிலைச் செடிக்கு இது சிறிய விஷயமன்று. மலைக்காற்றில் ஒரு கன மீட்டருக்குக் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைவு. ஆனால் இலைத்துளை வழியே அது விரைந்து நுழைவதால் அக்குறை பெரும்பாலும் ஈடாகிறது. இலைக்குள் அது நீரில் கரைந்து செல்லும் கடைசிப் பகுதிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.