பின்பால் என்கிற ஆணிக்கோலி

'பின்பால்' (pinball) என்ற அமெரிக்கப் பெட்டி ஆட்டத்தின் பெயரை அப்படியே தமிழில் எழுதினால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிரசவ வார்டில் அதற்கு வேறு பொருள். தாய் பால் கொடுக்கத் தொடங்கியதும் முதலில் வரும் நீர்த்த பால் முன்பால். அடுத்து வரும் கொழுப்பு மிகுந்த பால் பின்பால். "பின்பால் வர்ற வரைக்கும் ஒரே பக்கம் குடுங்கம்மா" என்று செவிலியர் சொல்லிக் கேட்டவர்கள், 'அமெரிக்க பார்களில் பின்பால் ஆடுகிறார்கள்' என்ற வரியைப் படித்தால் திகைக்கத்தான் செய்வார்கள். அப்படியே ஒலிபெயர்த்துவிட்டுப் போகலாம் என்ற வழக்கமான சமாதானம் இந்தச் சொல்லிடம் எடுபடாது.

பொருளை முதலில் பார்ப்போம். இடுப்பு உயரத்தில் நான்கு கால்களில் நிற்கும் நீளப் பெட்டி. அதன் மேல்பலகை ஆடுபவரை நோக்கி ஆறரை டிகிரி அளவில் சரிந்திருக்கும். பலகைக்கு மேல் கண்ணாடி. 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டை, வலப்பக்கத்துச் சுருள்வில் கம்பியை இழுத்துவிட்டு மேலே ஏற்றவேண்டும். அது தடைகளில் முட்டி, விளக்கை எரியவிட்டு, மணியடித்து, புள்ளிகளை ஏற்றிக்கொண்டே கீழே இறங்கும். கீழ்க்கோடியில் இரண்டு சிறு கட்டைகள். பெட்டியின் இரு பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் அவை வெடுக்கென்று எழும்பிக் குண்டைத் திருப்பி அடிக்கும். இரண்டு கட்டைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் குண்டு விழுந்தால் போயிற்று.

இந்தப் பெட்டி பெரும்பாலும் பாரில் இருக்கும் என்றதும் இன்னொரு குழப்பம். நம் பக்கத்தில் பார் என்றால் டாஸ்மாக் கடையை ஒட்டிய தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலி, அவித்த முட்டை, சுண்டல், தண்ணீர்ப் பாக்கெட், வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும் அவசரம். காரைக்காலுக்குள் போனால் ஏ.சி. போட்ட பார்கள் உண்டு. அங்கும் டிவியில் கிரிக்கெட் ஓடுமே தவிர ஆட ஒன்றும் இருக்காது. அமெரிக்காவின் பேட்டை பார் என்பது தெருக்காரர்கள் மாலையில் கூடி, ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கதை பேசும் இடம். குடியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நம் டீக்கடை பெஞ்சுக்குத்தான் அது கிட்ட வரும். அப்படி உட்கார்ந்திருக்கும் ஆளின் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறையை நம்பிப் பிறந்ததுதான் இந்தப் பெட்டி.

சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் 'பின்' என்றால் முளை. மாடு கட்ட அடிக்கிறோமே, அந்த வகை. குண்டூசியும் ஊக்கும் அதற்குப் பிறகு வந்த பொருள்கள். பின்பாலில் உள்ள பின், பலகையில் அடித்த சிறு ஆணி. ஊசி அல்ல. இந்த இடத்தில் வழுக்கினால் மொழிபெயர்ப்பு மொத்தமும் வழுக்கும்.

ஆணி எப்படி வந்தது என்றால் பிரான்சுக்குப் போகவேண்டும். மன்னர் பதினாறாம் லூயியின் தம்பி, ஆர்த்துவா கோமகன், பாரிசை ஒட்டிய காட்டில் பாகதேல் என்ற மாளிகையைக் கட்டி 1777இல் ராணி மரி அந்துவானெத்துக்கு விருந்து வைத்தார். பில்லியர்ட்சைச் சுருக்கிய மாதிரி, சரிந்த மேசையில் கோலால் குண்டைத் தள்ளும் ஆட்டம் ஒன்று அங்கே அறிமுகமாகி, மாளிகையின் பெயரையே வாங்கிக்கொண்டது. பாகதேல் என்றால் அற்பம், ஒன்றுமில்லாத விஷயம் என்று பொருள். குண்டு பட்டு விழும் முளைகளை ஒவ்வொரு தடவையும் நிமிர்த்தி வைக்கச் சலிப்பு வந்து, பிற்பாடு ஆணிகளாகவே அடித்துவிட்டார்கள். ஆங்கிலேயரான மாண்டேக் ரெட்கிரேவ் அமெரிக்காவின் சின்சினாட்டியில் குடியேறி, 1871இல் கோலை எடுத்துவிட்டுச் சுருள்வில் கம்பியை வைத்துக் காப்புரிமை வாங்கினார். குண்டும் சிறுத்துக் கோலி அளவுக்கு வந்தது.

இந்தக் கட்டத்து ஆட்டம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. 1980, 90களில் வளர்ந்தவர்கள் 'பேகடெல் போர்டு' என்று ஒன்றைப் பார்த்திருப்பார்கள். பிறந்தநாளுக்கு யாராவது வாங்கிக் கொடுப்பது, இல்லையென்றால் வேளாங்கண்ணித் திருவிழாக் கடையில் அழுது வாங்குவது. மேலே வளைந்த மரப்பலகை, அரைவட்டம் அரைவட்டமாக அடித்த ஆணிகள், ஒவ்வொரு அரைவட்டத்துக்குள்ளும் 50, 100, 500 என்று எழுதிய எண்கள். ஆறு மாதத்தில் ஆணித்தலைகளில் துரு ஏறும். குண்டு பட்டுப் பட்டு ஒவ்வொரு தலையிலும் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். கூட வந்த குண்டுகள் எல்லாவற்றுக்கும் முன்னால் தொலைந்துவிடும். சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய பால்ரஸைப் போட்டால், கால் அங்குலக் குண்டு ஆணிகளுக்கு இடையே நழுவிக் கீழே ஓடிவிடும். அந்தப் பலகையைத் தொட்டவர்களுக்குப் பின்பாலில் பாதி ஏற்கெனவே தெரியும்.

மீதிப் பாதி சிகாகோவில் நடந்தது. 1929 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கையில் காசில்லாத ஊரில், ஒரு சென்ட் போட்டால் சில குண்டுகள் தரும் சிறு பெட்டியை டேவிட் காட்லீப் 1931இல் 'பாஃபிள் பால்' என்ற பெயரில் விற்றார். காலில்லாத பெட்டி, கடை மேடையிலேயே வைக்கலாம். ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கி பார்கள் வெளிப்படையாகத் திறந்ததும் பெட்டிக்கு நிரந்தர வீடு கிடைத்தது. 'பின்பால்' என்ற பெயர் நிலைபெற்றதும் அந்தப் பத்தாண்டில்தான்.

அன்றைய பெட்டியில் திருப்பி அடிக்கும் கட்டை கிடையாது. கம்பியை இழுத்துவிட்டால் மிச்சம் தலைவிதி. மேடைக்குப் பின்னால் நிற்கிறவர் ஜெயித்தவனுக்குப் பரிசும் பணமும் கொடுப்பார். திருவிழாக் கூட்டத்தில் லங்கர் கட்டை உருட்டிச் சூதாட வைக்கிறவனைப் போலீஸ் விரட்டும் அதே காரணத்துக்காக, நியூயார்க் மேயர் லாகார்டியா 1942இல் பின்பாலைத் தடைசெய்து, பெட்டிகளைச் சம்மட்டியால் உடைக்கவைத்தார். 1947இல் காட்லீப் கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி' பெட்டியில்தான் முதன்முதலாக ஆறு கட்டைகள் வந்தன. 'ஃபிலிப்பர்' என்பது அவற்றின் பெயர். அடுத்த ஆண்டே ஸ்டீவ் கோர்டெக் என்ற வடிவமைப்பாளர் இரண்டு கட்டை போதும் என்று அடிப்பகுதியில் வைத்தார். அன்றிலிருந்து இது கண்ணும் கையும் ஆடும் ஆட்டம்.

சட்டத்துக்கு அது புரிய முப்பது ஆண்டுக்குக் கிட்ட ஆனது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் மாநகர மன்றத்தார் முன் பெட்டியை வைத்து ஆடிக்காட்டினார். 'கம்பியை இப்படி இழுத்தால் குண்டு நடு வழியில் இறங்கும்' என்று சொல்லிவிட்டு இழுத்தார்; இறங்கியது. தடையும் நீங்கியது. அதில் அதிர்ஷ்டமும் சேர்ந்திருந்தது என்று அவரே பிறகு சொன்னார். சூதில்லை என்று நிரூபிக்க ஒரு சூதாட்டமே ஆடியிருக்கிறார் மனிதர்! நம் மாநிலத்தின் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் வெறும் திறமை சார்ந்த ஆட்டத்துக்கு விலக்குக் கொடுக்கிறது. ஆகவே தமிழில் பெயர் வைக்கும்போது சூது, குலுக்கல் போன்ற சொற்களைக் கிட்டவே விடக்கூடாது. இன்றைக்கு உலகப் போட்டிகளுக்குத் தரவரிசை போடும் அமைப்பு தன்னை 'சர்வதேச ஃபிலிப்பர் பின்பால் சங்கம்' என்று அழைத்துக்கொள்கிறது. அதிலுள்ள 'ஃபிலிப்பர்' அந்தப் பழைய தடையின் தழும்பாகவே எனக்குப் படுகிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்டத்துக்கே 'ஃபிலிப்பர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அப்படித்தான். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில், பிரான்சில் சில காலம் இருந்துவிட்டு வந்த பெரியவர்களிடம் 'பின்பால்' என்று கேட்டால் விழிப்பார்கள். "ஃபிலிப்பர்னு சொல்லுங்க தம்பி, கஃபேல மூலைக்கு மூலை நிக்குமே" என்பார்கள். ஜப்பானியர் தங்கள் செங்குத்து ஆணிப்பலகைக்குக் குண்டு தெறிக்கும் ஓசையை வைத்தே பாச்சிங்கோ என்று பெயரிட்டார்கள். கிலுகிலுப்பைக்கு நாம் பெயர் வைத்த முறையும் அதுதான். ஆக ஆங்கிலம் ஆணியைப் பிடித்தது, பிரெஞ்சு கட்டையைப் பிடித்தது, ஜப்பான் ஓசையைப் பிடித்தது. தமிழ் எதைப் பிடிக்கலாம்?

'ஊசிப்பந்து' என்பது உடனே நாக்கில் வரும். தள்ளிவிடலாம். ஊசியும் தவறு, பந்தும் தவறு. தமிழில் பந்து என்றால் எறிய, உதைக்க, பிடிக்க. உலோக உருண்டையைப் பந்து என்று யாரும் சொல்வதில்லை. 'ஆணிக்குண்டு' பொருளுக்குச் சரி. ஆனால் 'மதுக்கூடத்தில் ஆணிக்குண்டு' என்று ஒரு தலைப்பை நினைத்துப் பாருங்கள். வெடிகுண்டு நிபுணர்கள் மோப்ப நாயோடு வந்து இறங்கிவிடுவார்கள். 'உண்டை' நல்ல பழஞ்சொல். திருக்குறளின் 'அரங்கின்றி வட்டாடியற்றே' என்ற இடத்தில், வட்டாடலுக்குப் பரிமேலழகர் 'உண்டை உருட்டல்' என்றே உரை சொல்கிறார். ஆனால் இன்றைக்கு உண்டை என்றால் சோற்று உருண்டைதான் நினைவுக்கு வரும். 'ஆணியுண்டை' வாயில் உருளவும் மறுக்கிறது.

என் தேர்வு 'ஆணிக்கோலி'. ரெட்கிரேவ் காலத்திலும் காட்லீப்பின் 'பாஃபிள் பால்' காலத்திலும் பெட்டியில் ஓடியது எஃகு அல்ல, கோலிதான். ஆகவே வரலாற்றுக்கும் பொருந்தும். கேட்டவுடன் சரிந்த பலகையும் உருளும் குண்டும் மனத்தில் வந்துவிடும். கோலி வடக்கிலிருந்து வந்த சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். மன்னார்குடித் தெருவில் தலைமுறை தலைமுறையாகக் குழி தோண்டி ஆடிய சொல்லை இனிமேல் வெளியூர்க்காரன் என்று துரத்துவது நியாயமில்லை. பெட்டியைக் குறிக்க ஆணிக்கோலிப் பெட்டி போதும்; 'இயந்திரம்' தேவையில்லை.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும், அதில்தான் நம் பக்கத்துக்காரனுக்குக் கொஞ்சம் வசதி. கீழ்நோக்கி ஓடுகிற ஒன்றைத் தடுத்து, பிரித்து, திருப்பி, கடைசியில் கழித்துவிடும் ஒவ்வொரு இடத்துக்கும் டெல்டாக்காரனிடம் சொல் இருக்கிறது. குண்டு ஓடும் ஒற்றை வழி வாய்க்கால். அது திறந்து மூடும் இடம் மடை. ஓரமாக இறங்கித் திரும்பி வராமலே போகும் வழி ஓர வாய்க்கால். குண்டு விழுந்து மறையும் இடத்தை அமெரிக்க ஆட்டக்காரர்களும் வடிகால் என்ற பொருளுள்ள சொல்லால்தான் குறிக்கிறார்கள். "வடிஞ்சிடுச்சு" என்றால் ஆள் அவுட். பாசன வாய்க்காலும் வடிகால் வாய்க்காலும் வேறு வேறு என்று தெரிந்த ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆடுபலகைக்கு 'அரங்கு' என்ற குறளின் சொல்லே கச்சிதம். கோடு கிழித்து ஆட வகுத்த இடம் என்பதே அதன் பழைய பொருள். நற்றிணையில் சிறுவர்கள் மண்ணில் வட்டரங்கு கீறி நெல்லிக்காயை வைத்து ஆடுகிறார்கள்.

ஃபிலிப்பருக்குத் துடுப்பு என்பார்கள் சிலர். துடுப்பு தள்ளும், சுண்டாது. கேரம் ஆடுகிறவன் விரலால் செய்வதைத்தான் இந்தக் கட்டை செய்கிறது, எனவே சுண்டுகட்டை. முட்டியதும் குண்டை எகிறவிடும் காளான் வடிவத் தடைகளுக்கு உதைகுமிழ். ஏற்றிவிடும் கம்பிக்கு இழுகம்பி.

மிச்சமிருப்பது 'டில்ட்'. குண்டு வடியப்போகும் நேரத்தில் பெட்டியை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளிக் காப்பாற்றலாம். லேசான தள்ளல் ஆட்டத்தின் ஒரு பகுதி. மிஞ்சினால் விளக்கெல்லாம் அணைந்து கட்டைகள் செத்துப்போகும். பெட்டிக்குள் ஓர் உலோக வளையம், அதன் நடுவே தொங்கும் ஓர் எடை. பெட்டி குலுங்கி, எடை வளையத்தைத் தொட்டால் மின்சுற்று கூடிவிடும். சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் நூலில் விட்டுப் பார்க்கும் தூக்குக்குண்டேதான் அது. உறுப்புக்கு அந்தப் பெயரையே வைக்கலாம். செயலுக்கு 'குலுக்கல்' என்றால் பரிசுச்சீட்டுக் குழப்பம் வரும். 'உலுக்கல்' என்று வைத்துக்கொள்ளலாம். போக்கரிலிருந்து ஆன்லைன் ரம்மி வரைக்கும் தோற்ற கடுப்பில் கண்மண் தெரியாமல் ஆடுவதை 'டில்ட்' என்கிறார்களே, அந்தச் சொல் இந்தப் பெட்டியிலிருந்து போனதுதான்.

உருவகப் பொருளுக்கு மட்டும் புதுச்சொல் வேண்டாம். ஒரு மனிதனை மேசைக்கு மேசை அலையவிடுவதை ஆங்கிலத்தில் பின்பாலாகச் சொல்வார்கள். நமக்குப் 'பந்தாடுவது' இருக்கிறது. "ஒரு பட்டா மாத்த ஆறு மாசமா பந்தாடுறாங்க மாமா" என்றால் எந்த ஊரிலும் புரியும். 'ஆணிக்கோலியாடுகிறார்கள்' என்று அங்கே போய் நுழைக்கவேண்டாம்.

எழுதும்போது ஒன்று. க் மிகும்: ஆணிக்கோலி. பிரித்து 'ஆணி கோலி' என்று எழுதினால் ஹார்டுவேர் கடை ரசீதாகிவிடும். முதல் தடவை மட்டும் பக்கத்தில் பின்பால் என்று மேற்கோள்குறிக்குள் போட்டுவிட்டு, அடுத்த வரியிலிருந்து தமிழ்ச் சொல்லையே ஓடவிடலாம். பிரசவ வார்டுக்கும் அதனால் குழப்பமில்லை.