பொரியாத முட்டையை எறிவதற்கு முன்

வீட்டில் இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு பொரிக்க முயன்று தோற்றவர்கள், பெரும்பாலும் இயந்திரத்தின் மீதோ சேவலின் மீதோ குறை சொல்லிக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள். காரைக்குடி வட்டாரத்தில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றும் நான் அவர்களிடம் முதலில் கேட்பது பொரியாமல் போன முட்டைகளைத்தான். ஆனால் பத்தில் ஒன்பது பேர் அவற்றைக் குப்பையில் எறிந்துவிட்டே வந்திருப்பார்கள்.

சென்ற சித்திரையில் தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மா மட்டும் முட்டைகளை எடுத்து வந்திருந்தார். சிறுவிடை என்னும் நாட்டுக்கோழியின் 30 முட்டைகள் வைத்ததில் 7 குஞ்சுகளே கிடைத்திருந்தன. "சேவல்ல குறையா, மிஷின்ல குறையா டாக்டர்?" என்றார். மீதி 23 முட்டைகளையும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தோம். 4 முட்டைகள் கரு கூடாத கூமுட்டைகள்; எட்டு பெட்டைகளுக்கு ஒரு சேவல் வைத்திருந்தவருக்கு இது பெரிய இழப்பல்ல. 13 முட்டைகளில் முதல் மூன்று நான்கு நாட்களுக்குள்ளேயே கரு இறந்திருந்ததற்கு அடையாளமாக இரத்த வளையம் தெரிந்தது. 6 முட்டைகளில் முழு வளர்ச்சி பெற்ற குஞ்சுகள், காய்ந்த சவ்வு மேலே ஒட்டிக்கொள்ள, வெளியே வர இயலாமல் இறந்திருந்தன.

அந்த 13 முட்டைகள் கெட்டது இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே என்பது என் முடிவு. 12 நாட்களாகச் சேர்த்த முட்டைகளை அவர் சமையலறையில் தொங்கும் கம்பிக் கூடையில் வைத்திருந்தார். முட்டை இருக்கும் இடத்தின் சூடு 27 டிகிரிக்கு மேல் போனால் உள்ளிருக்கும் கரு அரைகுறையாக வளரத் தொடங்கும். அடைச் சூடு போதாததால் பலவீனப்பட்டு, பிறகு இயந்திரத்தில் வைத்ததும் இறந்துவிடும். செட்டிநாட்டுக் கோடையில் வீட்டுக்குள்ளேயே 32 டிகிரிக்கு மேல் போகும் நாட்கள் பல. ஆகவே அடைக்கு வைக்கும் முட்டைகளை 7 நாட்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள், முட்டைகள் நனையாதபடி, கூர்முனை கீழே இருக்க அடுக்கி, ஈரத்துணியால் வாயை மூடி நிழலில் வைத்தாலே சூடு கணிசமாகக் குறையும். வீட்டுக் குளிர்பெட்டி இதற்கு அளவுக்கு மீறிய குளிர். முட்டையைக் கழுவவும் கூடாது. ஓட்டின் நுண்துளைகளைக் காக்கும் மெல்லிய படலம் கழுவினால் போய்விடும்.

இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதில் நம் ஊர் பழைய வீடுகளுக்கு ஒரு நற்பேறு உண்டு. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட உள்ளறைகளில் பகலுக்கும் இரவுக்கும் இடையே சூடு அதிகம் மாறாது. முற்றத்தின் ஓரத்தில், வெயில் நகர்ந்து வந்து படும் இடத்தில் வைப்பவர்கள் அந்த நன்மையை இழக்கிறார்கள்.

விசிறி உள்ள இயந்திரத்தில் 37.5 டிகிரி செல்சியஸும், விசிறி இல்லாத பெட்டியில் முட்டைகளின் மேல்மட்டத்தில் ஏறத்தாழ 38.5 டிகிரியும் இருக்க வேண்டும். மலிவான இயந்திரங்களின் திரை காட்டும் எண் ஒரு டிகிரி வரை தவறாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டைகளுக்கிடையே வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பின்பே முட்டைகளை அடுக்குங்கள். மின்சாரம் ஓரிரு மணி நேரம் போவதைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மூடியைத் திறக்காமல் போர்வையால் போர்த்தினால் போதும். ஆனால் 18ஆம் நாளுக்குப் பிறகு காற்றுத் துளைகளை அடைத்துவிடக் கூடாது, ஏனெனில் அப்போது குஞ்சுக்கு நிறையக் காற்று வேண்டும். குளிரைவிட மிகுசூடே கொடியது: 40 டிகிரியைக் கடந்து சில மணி நேரம் நின்றால் அந்த அடை முழுவதும் போய்விடலாம்.

அந்த 6 குஞ்சுகளின் கதை வேறு. முதல் 18 நாட்கள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் இருந்தால் போதும். முட்டைகளை நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று முறை திருப்ப வேண்டும். 18ஆம் நாளில் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதமாக உயர்த்தி, அதன்பின் மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். அந்த அம்மாவோ ஓட்டில் முதல் விரிசலைக் கண்ட ஆவலில் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திறந்து திறந்து காட்டியிருக்கிறார். அந்த ஆவலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஈரம் வெளியேறி, உள்சவ்வு காகிதம்போல் காய்ந்து குஞ்சை இறுக்கிவிடுகிறது. விரிசல் விட்ட குஞ்சு முழுமையாக வெளிவர 12 மணி முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம்; அதற்குள் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு இரத்த நாளங்களையும் அது வற்றச் செய்தாக வேண்டும். இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து சாகும். வெளிவந்த குஞ்சுகளையும் உடலில் ஈரம் உலரும்வரை உள்ளேயே விடலாம். உள்ளிழுத்த மஞ்சள்கருவே இரண்டு நாட்களுக்கு அவற்றுக்கு உணவு.

பின்னர் உமி பரப்பிய தடுப்புக்குள் முதல் வாரம் 35 டிகிரி சூடு கொடுத்து, வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். குஞ்சுகளைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான முதல் தடுப்பு மருந்தை 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விட வேண்டும். அதைக் கடையிலிருந்து வீடு வரை ஐஸ் கட்டிகளோடு பிளாஸ்கில் எடுத்துச் செல்லுங்கள், கரைத்த மருந்தில் மிச்சமிருப்பதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.