படத்துக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி

1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு கடந்து ஒரு நிமிடம். அமெரிக்காவில் எம்டிவி என்ற கேபிள் சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியது. முதலில் வந்த பாட்டு, பிரிட்டனைச் சேர்ந்த பகிள்ஸ் குழுவின் ‘வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்’. ரேடியோ நட்சத்திரத்தை வீடியோ ஒழித்துவிட்டது என்று பாடும் அந்தப் பாட்டை ஸ்டீரியோவில், அதாவது இடது, வலது என இரண்டு தனி ஒலிகளாகக் கேட்க ஆசைப்பட்டவர்கள், வீட்டில் எஃப்.எம். ரேடியோவைத்தான் போட வேண்டியிருந்தது.

காரணம் எளிது. அன்றைய டிவி பெட்டியில் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர். செய்தி வாசிப்பவரின் குரலுக்கு அது போதும், கிடாருக்கும் டிரம்ஸுக்கும் போதாது. அமெரிக்காவில் டிவிக்கான ஸ்டீரியோ முறைக்கு அரசு வழிவிட்டதே 1984-இல்தான். ஆனால் இசை கேட்கும் வீடுகளில் நல்ல ஸ்டீரியோ ரிசீவரும் பெரிய ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே இருந்தன. எம்டிவியின் பொறியாளர்கள் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள். படத்தை டிவிக்கும் பாட்டை ரேடியோவுக்கும் தனித்தனியாக அனுப்புவது என்று முடிவானது. அந்தச் சேனலின் கதையில் ஃபேஷனையும் நட்சத்திரங்களையும் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டது. எனக்கு இந்த ஏற்பாடுதான் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

நிகழ்ச்சிகள் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த மையத்திலிருந்து செயற்கைக்கோளுக்குப் போயின. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் கேபிள் நிறுவனம் தன் டிஷ்ஷை அந்தப் புள்ளியை நோக்கித் திருப்பி வைத்துவிட்டால் போதும். மேலே போகும் அலைவரிசையில் படத்தின் சிக்னல் கீழ்ப் பகுதியை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடத்தில் துணை அலைகளை ஏற்றி, ஒலியை அவற்றில் அனுப்பினார்கள். போக வர 72,000 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட கால் விநாடி. படமும் பாட்டும் ஒன்றாகவே பயணம் செய்வதால், தாமதமும் இரண்டுக்கும் சமம்.

பிரிவது கேபிள் நிறுவனத்தின் கட்டடத்தில்தான். அங்கே படத்தை ஒரு டிவி சேனலில் ஏற்றுவார்கள், ஸ்டீரியோ ஒலியை எஃப்.எம். பட்டையில் காலியாக இருக்கும் ஓர் இடத்தில் ஏற்றுவார்கள். அமெரிக்காவில் 6-ஆம் டிவி சேனல் 88 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, எஃப்.எம். ரேடியோ தொடங்குவதும் அங்கேதான். அதனால் ஒரே கேபிளில் இரண்டும் மோதாமல் போக முடிந்தது. வீட்டில் கேபிளைக் கிளை பிரித்து ஒரு முனையை டிவியிலும் இன்னொன்றை ரேடியோவின் ஆன்டெனா துளையிலும் செருக வேண்டும். அப்புறம் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ரேடியோவைக் குறிப்பிட்ட எண்ணுக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. இதற்கான கருவியை எல்லா ஊர்க் கேபிள்காரர்களும் வாங்கவில்லை. வாங்காத ஊரில் பழைய சின்ன ஸ்பீக்கர்தான் கதி.

எஃப்.எம். ஸ்டீரியோ வேலை செய்யும் விதம் தனி அழகு. இடது, வலது ஒலிகளை அப்படியே அனுப்புவதில்லை. இரண்டையும் கூட்டி ஒன்று, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து ஒன்று என இரண்டு சிக்னல்கள் தயாராகின்றன. கூட்டல் சிக்னலை, ஒரே ஒலியை மட்டும் தரும் பழைய மோனோ ரேடியோவும் முழுப் பாட்டாகக் கேட்கும். கழித்தல் சிக்னல் 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி, காதுக்கு எட்டாத உயரத்தில் ஒளிந்து வரும். 19 கிலோஹெர்ட்ஸில் வரும் ஒரு சன்னமான வழிகாட்டி ஒலியைக் கண்டதும், ஸ்டீரியோ ரேடியோ அந்தக் கழித்தல் சிக்னலை இறக்கிக் கொண்டுவரும். இரண்டையும் கூட்டினால் இடது, கழித்தால் வலது. பள்ளிக்கூடக் கணக்குதான். பழைய ரேடியோ வைத்திருந்த யாரையும் கைவிடாமல் புதியதைக் கொண்டுவந்த கணக்கு அது.

சரி, இரு வழியாக வந்த படமும் பாட்டும் வீட்டில் பொருந்திவிட்டன. ஆனால் பாடகரின் உதடு பாட்டோடு பொருந்துவது படப்பிடிப்பிலேயே முடிவாகிற விஷயம். அங்கே நம் மூளை எவ்வளவு கறார் என்று பார்க்க வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோலின்படி, ஒலி படத்தைவிட 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பிந்தினால் மட்டும் 125 வரை தெரிவதில்லை. தூரத்தில் விறகு பிளப்பவரைப் பாருங்கள், கோடாரி இறங்கிய பிறகுதான் சத்தம் வரும். ஒலி தாமதமாக வருவது நமக்குப் பழகியது. முந்தி வருவது இயற்கையில் இல்லாதது.

படப்பிடிப்பில், பதிவான பாட்டை ஓடவிட்டு வாயசைக்கச் சொல்வார்கள். இது கோடம்பாக்கத்துக்கு நன்றாகத் தெரிந்த வேலை. படப்பிடிப்புத் தளத்தில் பாட்டை ஓடவிடும் ‘நாக்ரா’, ஸ்விட்சர்லாந்தின் குடெல்ஸ்கி நிறுவனம் செய்த டேப் ரெக்கார்டர். சாதாரண டேப்பில் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். நாக்ராவிலோ பாட்டோடு ஒரு சீரான துடிப்பும் பதிவாகியிருக்கும். அதைக் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்போடு ஒப்பிட்டு வேகத்தைத் திருத்திக்கொள்வார்கள். கேமரா மோட்டாரும் அதே மாதிரி ஒரு படிகத்துக்குக் கட்டுப்பட்டு ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஒயர்கூட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் அமெரிக்காவில் ஒரு வம்பு இருந்தது. ஃபிலிம் விநாடிக்கு 24 பிரேம் ஓடும். அங்கே டிவிக்குக் கலர் வந்தபோது ஒலியோடு குறுக்கீடு வராமலிருக்க, படம் மாறும் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்திருந்தார்கள். ஃபிலிமை டிவிக்கு மாற்றும்போது அதுவும் அதே அளவு மெதுவாகிவிடும். 4 நிமிடப் பாட்டுக்கு 240 விநாடி. அதில் ஆயிரத்தில் ஒன்று 0.24 விநாடி. பாட்டின் முடிவில் உதடு கிட்டத்தட்ட ஆறு பிரேம் பின்தங்கி நிற்கும்! துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்த வீடியோவில் ஒவ்வொரு ஷாட்டையும் புதிதாகப் பொருத்திவிடலாம். வெட்டில்லாத நீண்ட ஷாட்டில் தப்ப முடியாது. அதற்காகத் தளத்தில் பாட்டையே ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடவிடுவார்கள். மெதுவான படம், பின்னால் சேர்க்கும் அசல் பாட்டோடு சரியாகப் போய்ச் சேரும்.

இந்தக் கணக்கைத் தெரிந்தே பெரிதாக்கினால் கலையாகிவிடும். 1983-இல் ‘தி போலீஸ்’ என்ற இசைக்குழுவின் ‘ராப்ட் அரவுண்ட் யுவர் ஃபிங்கர்’ பாட்டை இயக்குநர்கள் காட்லி, கிரீம் இருவரும் படமாக்கினார்கள். தளத்தில் பாட்டு வேகமாக ஓட, பாடகர் ஸ்டிங் அதற்கு ஈடுகொடுத்து வாயசைத்தார். பிறகு படத்தை மெதுவாக்கியபோது உதடு மட்டும் அசல் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. உடலும், சுற்றி நிற்கும் நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகளும் கனவில் அசைவதுபோல மிதந்தன. பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால், விநாடிக்கு 48 பிரேம் எடுத்து 24-ஆகக் காட்ட வேண்டும். கணினி எதுவும் தேவையில்லை. நம் ஊர்ப் பாடல் காட்சிகளில் ஸ்லோமோஷனில் நடந்தபடி சரியாக வாயசைக்கும் கதாநாயகர்களுக்குப் பின்னாலும் இதே வித்தைதான்.

ஸ்டீரியோ டிவி பெட்டிகள் பரவியதும் ரேடியோவுக்குப் போன தனிக் கிளை மறைந்துபோனது. ஆனால் படமும் பாட்டும் தனித்தனியாகப் பயணம் செய்வது நிற்கவில்லை. டிஜிட்டல் ஒளிபரப்பில் இரண்டும் வேறு வேறு பொட்டலங்களாகவே வருகின்றன. விநாடிக்கு 90,000 முறை துடிக்கும் ஒரு கடிகாரத்தின் நேரம் அவற்றின் மேல் குறிக்கப்பட்டிருக்கும். டிவி அதைப் பார்த்துத்தான் இரண்டையும் சேர்க்கிறது. ப்ளூடூத் இயர்போனில் பாட்டுப் பார்க்கும்போது, ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் 100 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிவிடும். அந்த நேரத்துக்குப் படத்தை நிறுத்தி வைத்து, பாட்டு வந்து சேர்ந்த பிறகே போன் அதைக் காட்டுகிறது.