சொல் விளக்கம்: ‘ப்ரோனவுன்ஸ்’

சமூக ஊடகங்களில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஷீ/ஹர்’, ‘ஹீ/ஹிம்’, ‘தே/தெம்’ என்று சிலர் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதைத்தான் ‘ப்ரோனவுன்ஸ்’ என்கிறார்கள். இலக்கண வகுப்போடு நாம் மறந்துவிட்ட சொல், இன்று தன் பாலினத்தைத் தெரிவிக்கும் வழியாகிவிட்டது. ‘என்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசும்போது இந்தச் சொல்லால் பேசுங்கள்’ என்பது அதன் பொருள்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘ப்ரோ’ என்றால் பதிலாக, ‘நோமென்’ என்றால் பெயர். அந்த இலத்தீன் சொல்லும் ‘அந்தோனுமியா’ என்ற கிரேக்க இலக்கணச் சொல்லைப் பார்த்துச் செய்ததுதான். தமிழில் பிரதிப்பெயர், பதிலிடுபெயர் என்று எழுதுவோர் இதே வழியில் போகிறார்கள். நம் பழைய இலக்கணம் இதைத் தனி வகையாக வைக்கவில்லை, பெயர்ச்சொல்லுக்குள்ளேயே அடக்கிவிட்டது. அவன், இவள், அவர் போன்றவை அ, இ என்ற சுட்டெழுத்துகளிலிருந்து பிறப்பதால் அவை சுட்டுப்பெயர்கள்.

எனக்குச் சுட்டுப்பெயர்தான் பிடித்திருக்கிறது. நான், நீ இரண்டும் அதில் அடங்காது என்பது உண்மை. ஆனால் இணையத்தில் யாரும் ‘நான்’ என்பதற்காகச் சண்டை போடுவதில்லை. தன்மையிலும் முன்னிலையிலும் ஆங்கிலத்திலும் பால் இல்லை, தமிழிலும் இல்லை. சிக்கல் படர்க்கையில் மட்டும்தான். பிறர் என்னை எப்படிச் சுட்டுகிறார்கள் என்பதுதானே பேச்சே!

இணையத்தில் இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. 1990-இல் தொடங்கிய லாம்டாமூ என்ற மெய்நிகர் உலகம் முழுக்க முழுக்க எழுத்தால் ஆனது. அங்கே ஒருவர் தன் பாலினத்தைத் தேர்ந்தெடுத்தால், கணினி நிரல் அதற்கேற்ற சுட்டுப்பெயரை வாக்கியத்தில் போட்டுவிடும். ஆண், பெண்ணோடு நிற்காமல் ‘ஸ்பிவாக்’ என்று ஒரு தேர்வும் இருந்தது. மைக்கேல் ஸ்பிவாக் என்ற கணிதவியலாளர் தன் நூலொன்றில் பயன்படுத்திய ‘ஈ’, ‘எம்’ என்ற பாலற்ற சொற்கள் அவை. அரசர்களைப் போல ‘நாம்’ என்று பேசவைக்கும் ‘ராயல்’ தேர்வும் உண்டு. விளையாட்டாகச் சேர்த்தவைதான், ஆனால் பாலினம் என்பதை நாமே தேர்ந்தெடுக்கும் ஒரு பெட்டியாகப் பலர் முதலில் கண்டது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

ஃபேஸ்புக் 2008-இல் இதே சிக்கலில் மாட்டியது. பாலினம் குறிப்பிடாதவர்களுக்கு, ‘தே’ என்ற பன்மைச் சொல்லின் வடிவமான ‘தெம்ஸெல்ஃப்’ போட்டு வாக்கியம் அமைத்தது. ஆங்கிலத்திலேயே அது உறுத்தியது. பிற மொழிகளுக்கு மாற்றியபோது இன்னும் குழம்பியது. கடைசியில் பாலினத்தைக் குறிப்பிடுமாறு பயனர்களையே கேட்டது. 2014-இல் பால் காட்டாத ‘தே’ ஒரு தேர்வாக அங்கே வந்தது. இன்ஸ்டாகிராமில் 2021-இல் சுட்டுப்பெயருக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். இதற்கிடையில் ஒருமையில் வரும் ‘தே’, 2019-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் ஆண்டுச் சொல்லானது. பன்மைச் சொல்லை ஒருவருக்குச் சொல்லலாமா என்று இன்னும் அங்கே வாதம் நடக்கிறது.

இந்த வாதம் நமக்குப் பழசு. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், ஆனால் இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. அந்த உயர்சொல்தான் பிறகு ஊறி, பலர்பாலாக இருந்த ‘அவர்’ ஒருவருக்கும் உரியதாகிவிட்டது. பன்மைக்கு ‘அவர்கள்’ என்று இன்னொரு விகுதி தேவைப்பட்டது. ‘தே’ நடந்துவந்த பாதையில் ‘அவர்’ எப்போதோ நடந்துவிட்டது. ‘ஒருவர்’ என்ற சொல்லையும் ‘இருபாற்கும் உரித்தே’ என்கிறது அதே நூல்.

அதனால்தான் ‘தே’ வரும் இடத்தில் ‘அவர்கள் வந்தார்கள்’ என்று மொழிபெயர்ப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஒரே ஆள் வந்ததாக எழுதிய கட்டுரையில் திடீரென்று ஒரு கூட்டமே வந்து நிற்கும். ‘அவர் வந்தார்’ என்றால் முடிந்தது.

அப்போ தமிழில் சிக்கலே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். ஆங்கிலத்தில் பால் சுட்டுப்பெயரோடு நின்றுவிடும், வினைச்சொல்லுக்குப் போகாது. தமிழில் வினைமுற்றே பாலைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘கவிதை எழுதினாள்’ என்பதில் சுட்டுப்பெயரே கிடையாது, ஆனாலும் பால் தெரிந்துவிட்டது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு விகுதியைக் கவனிக்காவிட்டால் பயனில்லை.

இன்னொன்று, ‘ஷீ/ஹர்’ என்று இரண்டு சொல் போடுவது அங்கே வேற்றுமையில் வடிவம் மாறுவதால். நமக்கு ‘அவள், அவளை’ என்று போடுவது வீண்; உருபு ஒட்டும், அவ்வளவுதான். தமிழ்ச் சுயவிவரத்தில் இரண்டாவது இடம் வினைக்குப் போக வேண்டும்: ‘அவள்/வந்தாள்’, ‘அவன்/வந்தான்’, ‘அவர்/வந்தார்’.

‘அவர்’ எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அதில் பாலின்மையோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெருங்கிய தோழரை ‘அவர்’ என்றால் சற்றுத் தள்ளி நிற்க வைத்தது போல இருக்கும். பேச்சில் இன்னும் குழப்பம்: ‘அவரு வந்தாரு’ என்றால் பலருக்கு ஆண்தான் மனதில் வருவார், ‘அவங்க வந்தாங்க’ பெண்ணுக்கும் பொருந்தும், பாலைச் சொல்லாமலும் விடும், பன்மைக்கும் ஆகும். பேச்சு நடையில் எழுதப்படும் பதிவுகளில் ‘தே’க்கு இணை ‘அவங்க’ தான் என்பேன். எழுத்து நடையென்றால் ‘அவர்’.

‘அது’ வேண்டாம். குழந்தையைக் கொஞ்சும்போது ‘அது தூங்குது’ என்போம், சரி. வளர்ந்த மனிதரை அஃறிணையில் சொல்வது வசவு, திருநர்மீது அப்படித்தான் அது வீசப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘இட்’ என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்பவர்கள் சிலர் உண்டு. அவர்களே கேட்டுக்கொண்டால் தவிர, அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ‘அது’ என்று எழுதக் கூடாது.

ஆண்மை திரிந்த, அதாவது ஆண்தன்மை மாறியவர்களைக் குறிக்கும் பெயர்களைப் பேசும் தொல்காப்பியச் சூத்திரம் ஒன்று உண்டு. அவர்களை உயர்திணையிலேயே வைக்கிறது. பால் ‘இது’ என்று அறியத் தமக்கென ஓர் ஈறு, அதாவது விகுதி, அந்தப் பெயர்களுக்கு இல்லை என்றும், உயர்திணையில் ஏற்கனவே உள்ள பால்களாகப் பிரிந்தே ஒலிக்கும் என்றும் சொல்கிறது. சுயவிவரத்தில் ‘அவர்/வந்தார்’ என்று எழுதும் ஒருவர், அந்த இல்லாத ஈற்றின் இடத்தில் இருக்கிற ஈற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்.